சிவப்பை இழுத்தபோது

அம்மாவின் முகத்தில் மொத்தம் இருபத்து மூன்று தடிப்புகள். மகள் திரையில் பெரிதாக்கி வைத்து எண்ணிவிட்டாள்.

கன்னத்தில் தொடங்கிக் கழுத்து வரைக்கும் செக்கச்செவேலென்று இறங்கியிருந்தன. அத்தனைக்கும் நடுவே கல்யாணப் பெண்ணாக அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதற்காகவே முப்பது வருடமாக அந்தக் கல்யாணப் படம் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

நாளை முப்பதாவது கல்யாண நாள். இந்த முறை சுவரில் மாட்டியே தீருவது என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். தடிப்பு தெரியாமல் செய்தால் மாட்டிக்கொள் என்று அம்மாவும் ஒருவழியாக இறங்கி வந்திருந்தாள்.

மகளுக்கு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. இதெல்லாம் அவளுக்கு ஜுஜுபி. படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, சிவப்பாக இருந்த இடங்களை மட்டும் வெளுக்க வைத்தால் போதும். தடிப்பு தோலோடு தோலாகக் கலந்துவிடும்.

எல்லாம் அத்தை பூசிய கிரீமால் வந்த வினை. அப்பாவின் தங்கை அவள். புது அண்ணிக்கு ஆசை ஆசையாக மேக்கப் போட்ட பாவத்துக்கு, முப்பது வருடமாக வாங்கிக் கட்டிக்கொள்கிறாள். அம்மா அந்தப் பேச்சை எடுத்தாலே, டீ கிளாஸைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள், பாவம்.

அப்பாவும் அம்மாவும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டதே மணமேடையில்தானாம். அதை இருவரும் பெருமையாக வேறு சொல்வார்கள்.

அம்மா பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சோபாவில் செய்தித்தாளை விரித்திருந்தார்.

படம் கருப்பு வெள்ளையானது. திரையில் சிவப்பை வெளுக்கவும் கருக்கவும் வைக்கிற பட்டையை வலப்பக்கம் தள்ள வேண்டியவள், பேச்சு சுவாரசியத்தில் இடப்பக்கம் இழுத்துவிட்டாள்.

தடிப்புகள் மிளகு தூவியதுபோல் கருத்துவிட்டன. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் சட்டென்று கையை எடுத்தாள்.

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் கழுத்திலும், காதுக்குக் கீழே தொடங்கி காலர் வரைக்கும் அதே மிளகு. அப்பாவின் கருத்த நிறத்தில் இத்தனை வருடம் அது யார் கண்ணிலும் படவில்லை.

அப்பாவுக்கு யாரும் கிரீம் பூசவில்லை.

மகள் நாற்காலியைத் திருப்பினாள். செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

“கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மரத்தடியில ஒரு அஞ்சு நிமிஷம்தான் பேசிட்டிருந்தோம். அந்த மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சின்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார் அப்பா.

அம்மா வெட்கப்பட்டு மகள் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள். சிரிப்பு தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டையை வலப்பக்கம் நகர்த்தப் போனாள்.

அம்மா அவள் கையைப் பிடித்தாள். இரண்டு கழுத்துகளையும் மாறி மாறி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இருக்கட்டும்டி, இப்படியே பிரின்ட் போடு. ரெண்டா போடு. ஒண்ணு உங்க அத்தைக்கு.”