மேடு வைத்த கல்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் நடைபாதையில் மேடு வைத்த கற்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அவை மஞ்சள் நிறமாம். கண் தெரியாத ரமாபாயின் செருப்புக்கு அந்த மேடுகள்தான் ஆபீசுக்குப் போகும் வழி. கன்டெய்னர் லாரி ஒன்று தரையை அதிரவைத்துக் கடக்கிறது. அதன் டீசல் சூடு இடது கன்னத்தில் அடிக்கிறது. டீக்கடையின் பால் வாசம் வந்ததும் அவள் நடையைக் குறைக்கிறாள். நேற்று இங்கேதான் இடித்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே இன்னும் வலிக்கிறது. இன்றும் கைத்தடி இரும்பில் முட்டுகிறது. அதே இடம், அதே பைக். முட்டிய வேகத்தில், வண்டியிலேயே விட்டிருந்த சாவிக்கொத்து கிணுகிணுக்கிறது. "யாரு வண்டி இது? எடு நைனா, நான் நடக்குற வழி." டீயை உறிஞ்சும் சத்தம் நிற்கவில்லை. "ரெண்டே நிமிசம்மா. ரோடு இம்மாம் பெருசா கீது, எறங்கி சுத்திக்கினு போயேன்" என்கிறான் வண்டிக்காரன். யாரோ சிரிக்கிறார்கள். "கண்ணு தெரியாத பொண்ணு தனியா இன்னாத்துக்கு வருது?" என்று இன்னொரு குரல் பரிதாபப்படுகிறது. அந்தப் பரிதாபத்தில்தான் அவளுக்குக் காது கொதிக்கிறது. ரமாபாயின் கை டேங்கைத் தடவி மேலேறி, கிணுகிணுத்த இடத்தைப் பிடித்து, சாவியை உருவி, லாரிகள் இரையும் பக்கமாக ஓங்கி வீசுகிறது. டீ கிளாஸ் ணங்கென்று பெஞ்சில் இறங்குகிறது. "ஏய், இன்னா பண்ணிக்கினு கீற? சாவி எங்க?"

"ரோட்லதான் கீது. எறங்கித் தேடு. உனக்குத்தான் கண்ணு தெரியுதே."