கடைசி வரிசைக்காரர்

கடைசி வரிசையில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்பானிஷ் வாத்தியாருக்கு அது கத்தி தீட்டுவது போலிருந்தது.

காலையில் மொழிப் பயிற்சி நிலைய முதலாளி போனில் சொல்லியிருந்தார். "ஒருத்தர் வருவார். பின்னாடி உட்காருவார். நீங்க கண்டுக்காம வழக்கம்போல நடத்துங்க." வகுப்பு தொடங்கியதிலிருந்து வாத்தியார் கண்ணில் அந்த ஆளைத் தவிர வேறு யாரும் படவில்லை.

வாத்தியார் இதற்கு முன் மின்விசிறி விற்றவர். "ஸ்பானிஷ் தெரியுமா?" என்று முதலாளி கேட்டதற்கு, "தெரியாமலா வந்திருக்கேன்?" என்றார். பதிலுக்குக் கேள்வி கேட்டால் பொய்யில் சேராது என்பது அவர் கட்சி. அன்றிலிருந்து மாணவர்களைவிட ஒரே ஒரு பக்கம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறார். இந்த வேலையும் போனால் மச்சான் கடையில் பொட்டலம் கட்ட வேண்டியதுதான். மச்சான் அதற்கென்று ஒரு ஸ்டூலே ஒதுக்கி வைத்திருந்தார்.

அன்றைய பாடம், ஆட்களை அடையாளம் சொல்வது.

"நாம 'வந்த ஆள்'னு முடிச்சிடுவோம். அவங்க முதல்ல ஆளைச் சொல்லி, 'கே'ன்னு ஒரு கொக்கி போட்டு, அப்புறம்தான் வந்ததைச் சொல்வாங்க. எல் ஓம்ப்ரே கே வினோ." சொல்லும்போதே கண் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. கையில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

டஸ்டரை இடம் மாற்றி வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி டஸ்டரை மாற்றி வைத்தார்.

"ஆளோட, ஆளுக்குன்னு வந்தா கொக்கி மாறும். 'கியென்'. லா முஹேர் கோன் கியென் விவோ. நான் யாரோட குடித்தனம் பண்றேனோ, அந்த மகராசி. எங்க வீட்டுல போய்ச் சொல்லிடாதீங்க."

வகுப்பு சிரித்தது. கடைசி வரிசைக்காரர் சிரிக்கவில்லை. வாத்தியார் சொன்னதற்கெல்லாம் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார், 'சொல்லிடாதீங்க' வரைக்கும்.

அந்த நேரம் பார்த்து, படிக்க வந்திருந்த நர்ஸ் கை தூக்கினார். "சார், முன்னாடி 'கோன்' மாதிரி எதுவும் இல்லாம வெறும் கியென் வரவே வராதா?"

வாத்தியார் படித்திருந்த பக்கம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. "நல்ல கேள்வி. நீங்களே கண்டுபிடிச்சு அடுத்த வகுப்புல எல்லாருக்கும் சொல்லுங்க." கடைசி வரிசை உதடு அதற்கும் அசைந்தது.

வகுப்பு கலைந்தது. எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, அந்த ஆள் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அந்த நர்ஸ் கேட்டாங்களே, அதுக்குப் பதில் என்ன, சார்?"

வாத்தியார் நாற்காலியில் சாய்ந்தார். இனி ஓடத் தெம்பில்லை.

"தெரியாதுங்க. எனக்கு ஸ்பானிஷே தெரியாது. பஸ்ல படிக்கிறதைத்தான் இங்க வந்து கொட்டுறேன். முதலாளிகிட்ட தாராளமாச் சொல்லிடுங்க. எனக்கும் நிம்மதி."

வந்தவர் முகம் வெளுத்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"நாளைக்குப் புதுக் கிளையில இதே பாடத்தை நான் நடத்தணுமே, சார்."