ஆறாத எஞ்சின்

எஞ்சின் சூடாக இருந்தது.

அவள் கையை எடுத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான பாத்திரத்தின் சூடு.

ஷெட்டுக்கு வெளியே தேயிலைச் செடிகளின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. மூச்சு விட்டால் புகை வந்தது.

மாதக்கணக்கில் யாரும் ஓட்டாத புல்லட்.

ஸ்பானர்களைக் கீழே வைத்தாள். டேப்பட் ராடுகளின் இடைவெளியைச் சரிபண்ண எஞ்சின் சில்லென்று இருக்க வேண்டும். சூட்டில் வைக்கிற இடைவெளி ஆறியதும் மாறிப்போகும். பெர்னார்ட் அப்படித்தான் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இந்த வேலையைச் செய்யும்போதெல்லாம் பக்கத்தில் டார்ச் பிடித்தவள் அவள்தான். எந்த மெக்கானிக்கையும் அவர் இந்த எஞ்சினைத் தொட விட்டதில்லை.

அவருடைய கடைசி நாள் சாயங்காலம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவருக்குப் போன் செய்திருந்தாள்.

"டேப்பட் ரொம்ப சத்தம் போடுது. ஞாயித்துக்கெழம பிரிக்கணும். நீ அங்கயே நில்லு, இதோ கெளம்பிட்டேன்."

நல்ல மூடுபனி. வளைவில் லாரி.

அவள் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

தம்பி ஜோயல்தான் அதன் பிறகு வண்டியின் நசுங்கல்களைச் சரிசெய்து ஷெட்டில் கொண்டுவந்து விட்டான். வாங்குவதற்கு ஆளும் பார்த்துவிட்டான். கொடுப்பதற்கு முன், அவர் விட்டுப்போன அந்த ஒரு வேலையை முடித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலையிலும் எஞ்சின் சூடாக இருந்தது.

ஜோயலை வரச்சொன்னாள். தொட்டவன் விருட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"யாரோ ராத்திரில எடுத்து ஓட்டறாங்கக்கா."

"எனக்குச் சத்தம் கேக்காதாடா?"

அவன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஷெட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டான். சாவியையும் அவனே கொண்டுபோனான்.

"இனி எப்படி எடுக்கறான்னு பாக்கறேன்."

விடிந்ததும் வந்து அவனே திறந்தான். பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. பிளக் அவன் பையில் இருந்தது.

சைலன்ஸரை விரல் நுனியால் தொட்டு, சுட்டதும் கையை எடுத்தான். பிறகு குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தான். டயரின் பள்ளங்களில் ஈரச் செம்மண்.

"வண்டி வாங்கற ஆள நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன்க்கா."

பிளக்கையும் சாவியையும் சீட்டின் மேல் வைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அவள் வண்டியின் அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பயம் வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ராத்திரியில் அவர் எங்கே போகிறார் என்று தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவளைக் காணாமல் திரும்பி வருகிறார்.

"இன்னிக்கு ஒருநாள் போகாதீங்க" என்றாள். "சத்தம் போடுதுன்னு சொன்னீங்கல்ல. நான் சரி பண்ணித் தரேன்."

மறுநாள் கண் விழித்தபோது கட்டிலில் போர்வையின் அந்தப் பக்கம் கதகதப்பாக இருந்தது.

செருப்புகூடப் போடாமல் ஷெட்டுக்கு ஓடினாள்.

எஞ்சின் பனிக்கட்டியாக இருந்தது. தொட்ட விரல்கள் விறைத்தன.

கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்தி பிஸ்டனை மேலே கொண்டுவந்தாள். டேப்பட் மூடியைத் திறந்தாள். உள்ளே அருகருகே இரண்டு மெல்லிய ராடுகள். ஒன்றை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். மேலும் கீழும் ஆடியது. அந்த ஆட்டம்தான் சத்தம்.

லாக் நட்டைத் தளர்த்தினாள். கொஞ்சம் திருகினாள். பிடித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம். விரலுக்கு லேசாகச் சுற்ற வேண்டும், ஆனால் ஆடக் கூடாது.

சுற்றியது. ஆடவில்லை.

டார்ச்சை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்திருந்தாள். அடுத்த ராடுக்கு நகர்ந்தாள்.

வெளிச்சமும் நகர்ந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள். வெளிச்சம் கீழே இறங்கி நட்டின் மேல் நின்றது.

மூடியைப் போட்டு முறுக்கினாள். பிளக்கை மாட்டினாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு ஜோயலுக்குப் போன் செய்தாள்.

"வண்டி கொடுக்கலடா."

"அக்கா, சொன்னாக் கேளு..."

போனை வைத்துவிட்டாள்.

பொழுது சாயும்போது நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். ஷெட் கதவை அகலத் திறந்து வைத்தாள். மினி பஸ்ஸில் ஏறி பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கினாள்.

டீக்கடை போஜன் அவளைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அன்று அவள் நின்றுகொண்டே இருந்தபோது நாற்காலி கொண்டுவந்து போட்டவர் அவர்தான்.

"இந்த நேரத்துல இங்க நிக்கிறீங்களேம்மா. யாராச்சும் வர்றாங்களா?"

"அவருதான். கூட்டிட்டுப் போக வர்றாரு."

போஜன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். எதிர்க்கடைகூடத் தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி.

"வண்டிச் சத்தம் ஒண்ணும் கேக்கலியேம்மா" என்றார், மெதுவாக.

"இப்பக் கேக்காதுண்ணா. காலைலதான் டேப்பட் சரி பண்ணுனேன்."

ஸ்வெட்டர் பட்டன்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள். சேலைத் தலைப்பு காற்றில் பறந்து சக்கரத்தில் மாட்டாதபடி இழுத்து இடுப்பில் செருகினாள். பிறகு ரோட்டோரத்துக்கு இறங்கி நின்றாள்.