சிவப்பு மையில் அடித்தவை

"இதை அடிச்சிரு தாயி" என்று சிவப்புப் பேனாவை நீட்டினார் கருப்பணன்.

இசைவாணி புரூஃபைப் பார்த்தாள். 'லெண்ட் எ ஹேண்ட்.' ஒருவருக்கு உதவுவது என்று பொருள்.

"இதுல என்ன தப்பு அண்ணாச்சி?"

"தப்பு ஒண்ணுமில்ல. வேற போடு."

சிவகாசியில் கருப்பணனின் காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது அவள் வேலை. எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். மதுரை டுடோரியல் ஒன்று 2006க்குத் தினசரி காலண்டர் ஆர்டர் கொடுத்திருந்தது. தாளுக்கு ஓர் ஆங்கில மரபுத்தொடர், அதன் அர்த்தம், அது பிறந்த கதை. நூலகம் நூலகமாக அலைந்து சேர்த்தவள் அவள்தான்.

அடுத்த தாள், 'ஆல் தம்ப்ஸ்.' கைவேலை வராமல் தடுமாறுகிறவரைச் சொல்வது. எல்லா விரலும் கட்டைவிரலாக இருந்தால் ஊசியில் நூல் கோக்க முடியுமா, அதிலிருந்து வந்தது என்று ரசித்து எழுதியிருந்தாள்.

"இதையும் அடி."

பிடித்ததையெல்லாம் நழுவவிடுகிறவரைச் சொல்லும் 'பட்டர் ஃபிங்கர்ஸ்' போனது. 'கிராஸ் யுவர் ஃபிங்கர்ஸ்', நல்லது நடக்கட்டும் என்று விரல்மேல் விரல் பின்னுவது, சிலுவைக் குறியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், அதுவும் போனது.

நெருப்போடு விளையாடுவதைச் சொல்லும் 'பிளே வித் ஃபயர்' வந்தது. பட்டாசு ஊராச்சே, இது நிற்காது என்று அவளே அடிக்கப் போனாள்.

"அது இருக்கட்டும். நெருப்புதான் நம்ம ஊருக்குச் சோறு போடுது. கை, விரல்னு வர்றது மட்டும் வேண்டாம்."

"ஏதாவது சகுனமா அண்ணாச்சி?"

"அப்படித்தான் வச்சுக்கயேன்" என்று எழுந்து போய்விட்டார்.

இசைவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டாங்கிளாஸ் தாண்டாத மனுசர், இங்கிலீஷுக்கே சகுனம் பார்க்கிறார். மதியம் டுடோரியல்காரர் வருவார். அடித்த தாள்களை அவர் முன்னால் பரப்பிவிடுவது, அப்புறமும் அண்ணாச்சி பிடிவாதம் பிடித்தால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தாள்.

காலையில் அடித்தது உட்பட, அடித்த தாள்கள் எதையும் மேஜையில் காணோம்.

"கழிவுத் தாளெல்லாம் பண்டல் கட்ட பைண்டிங்குக்குல்ல போயிரும்" என்றார் மெஷின்காரர் தங்கச்சாமி.

பைண்டிங் கூடம் தெருவின் எதிர்ச் சாரியில். அவள் அந்தப் பக்கம் போவதே இல்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு புதுப் பெண், மடி நிறைய சிவப்புக் கோடு போட்ட தாள்களோடு எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. இதெல்லாம் நீங்க எழுதுனதாம்ல. கதை மாதிரி இருக்கு."

பெயர் அழகுமீனா என்றாள். போன தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனியில் விபத்தாம். அதற்கப்புறம் யாரும் வேலைக்கு எடுக்கவில்லையாம். அண்ணாச்சிதான் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டாராம். விட்டுப்போன பிளஸ் டூவை எழுதப் போகிறாளாம். காலண்டர் தாளை வைத்துத்தான் இங்கிலீஷ் படிப்பு. சாயங்காலமானால் அண்ணாச்சி வந்து, இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம்.

"இதுக்கு மட்டும் அர்த்தம் சரியா பிடிபடலக்கா" என்று ஒரு தாளை நீட்டினாள்.

'ஆல் தம்ப்ஸ்.'

கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கி நீட்டினாள். அந்த வலது கையில் வேறு விரலே இல்லை.

இசைவாணி தாளைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் அழகுமீனாவுக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. லேசாகச் சிரித்தாள். பிறகு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நான் படிச்சு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி இதையெல்லாம் அடிக்கிறாக. அடிச்ச தாளு அம்புட்டும் எங்கிட்டதான் வருதுன்னு அவுகளுக்குத் தெரியாது. சொல்லிராதீகக்கா, அவுக மனசு தாங்காது."