பதினேழாம் நம்பர் கழுத்து

எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். அந்த வார ஆபரேஷன்களுக்கான ஸ்கேன்களை நான்தான் திரையில் போடுவேன். கழுத்தெலும்பு நிபுணர் ஹால்வர் ஒருநாளும் திரையைப் பார்த்ததில்லை. தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பெர்கன் நகரம் முழுக்க அவரே சொல்லிக்கொண்டு திரிவார்.

"பதினேழாம் நம்பருக்கு, மூளைக்குப் போற ரத்தக்குழாய் எலும்புக்குள்ள வளைஞ்சு கிடக்கு. ஸ்க்ரூவுக்கு வழக்கமான இடத்துல துளை போட்டா அது கிழிஞ்சிடும்," என்றேன்.

"ஏம்மா இங்க்வில், முப்பது வருஷமா துளை போடறேன். எல்லாக் கழுத்தும் ஒண்ணுதான்," என்றார், மரத்துப்போன இடது கையை உதறிக்கொண்டே. "படத்தைப் பார்த்துப் பயப்படறவங்க வெள்ளிக்கிழமை கேன்டீன்ல வாஃபிள் சுடப் போகலாம்."

"அப்போ வழக்கமான இடத்துலயே போடச் சொல்லட்டுமா?"

"தாராளமா! நம்ம ஜூனியர் சர்ஜன் எய்னாரே போடட்டும்."

"எழுதிக் கொடுங்க."

அலட்சியமாகக் கிறுக்கி நீட்டினார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"வியாழக்கிழமை வெறும் வயித்தோட வந்துடுங்க, ஹால்வர். பதினேழாம் நம்பர் நீங்கதான்."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் திரையைப் பார்த்தார்.