நண்டு சலூன் நண்பர்கள்

ஒரு காட்டோரத்தில் நண்டு ஒன்று முடிவெட்டும் கடை வைத்திருந்தது. எப்போதாவது கரடி வரும், ஆடு வரும். மற்ற நேரமெல்லாம் நாற்காலி காலியாகவே கிடக்கும். எப்படியாவது கூட்டம் சேர்த்துவிட வேண்டும் என்று அது ‘நண்டு சலூன் நண்பர்கள்’ என்ற பெயரில் ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தது. பொழுது போகாமல் இருந்த ஆமையை அட்மின் ஆக்கியது.

ஒரே வாரத்தில் முந்நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். விடிந்தால் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம். மயில் தன் டான்ஸ் வீடியோவைப் போட்டது. கரடி தேனடைக்கு வழி கேட்டது. கடைக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. நண்டு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இன்று கடை திறந்திருக்கிறது, வாருங்கள்” என்று கூச்சத்தோடு ஒரு வரி போட்டது. அடுத்த நிமிடமே நண்டைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

நண்டு பதறியடித்துக்கொண்டு ஆமை வீட்டுக்கு ஓடியது. “அண்ணே, என்னை ஏன் தூக்கினீங்க?”

“குரூப்புல விளம்பரம் போடக் கூடாதுப்பா. எல்லாரும் என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க.”

“இனிமே போடமாட்டேண்ணே. என்னைச் சேர்த்துவிடுங்க.”

ஆமை போனைக் கையில் எடுத்தது. நண்டை ஏற இறங்கப் பார்த்தது.

“சேர்க்கலாம். ஆனா இது சலூன் வாடிக்கையாளர் குரூப்பு. நீ அங்க கடைசியா எப்ப முடி வெட்டிக்கிட்ட?”