கொடும்பாவிக்கு ஒரு கோட்டு

"சரி, இந்த வருஷம் யாரைக் கொளுத்தறது?"

பப்பின் பின்னறையில் நடந்த கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் டெரெக் கேட்ட முதல் கேள்வி இதுதான். இங்கிலாந்து வழக்கப்படி எங்கள் ஊரில் வருஷா வருஷம் நவம்பர் ஐந்தாம் தேதி ஊர்வலம் போய் ஒரு கொடும்பாவியைக் கொளுத்துவோம். மற்ற வருஷங்களில் ஆள் கிடைப்பது கஷ்டம். இந்த வருஷம் லண்டனில் மந்திரிசபையில் நடந்த கூத்தில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

"நிதி மந்திரின்னு முடிவு பண்ணோம். செஞ்சுவெச்ச பொம்மைத் தலை காயறதுக்குள்ள அவரைத் தூக்கிட்டாங்க," என்று அலுத்துக்கொண்டார் பேக்கரி மெர்வின். "அடுத்தது உள்துறை. மீசை ஒட்டிக்கிட்டு இருக்கேன், அந்தாளு ராஜினாமா! நான் ரொட்டி சுடறதா, மந்திரி தலை செய்யறதா?"

பதவியில் இருப்பவரைத்தான் கொளுத்தலாம், இறங்கினவரைக் கொளுத்தக் கூடாது. எங்கள் சங்கத்தின் பழைய சட்டம் இது.

"அப்ப நகராத ஆளாப் பார்த்துப் பிடிங்கப்பா," என்றேன் நான்.

நகராத மந்திரி ஒருத்தர்தான் இருந்தார். ஏட்ரியன் க்ரோவ். வயசானவர்களின் ஹீட்டர் செலவுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவியை நிறுத்திய மகானுபாவர். பத்திரிகைகள் கிழித்தன. சொந்தக் கட்சிக்காரர்களே 'கிளம்பு' என்றார்கள். அவரோ டிவியில் வந்து, "இதில் என் தவறு எதுவுமே இல்லை" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனார்.

ஆனாலும் கமிட்டியில் பாதிப் பேர், கொளுத்துவதுதான் கொளுத்துகிறோம், பிரதமரையே கொளுத்தலாம் என்றார்கள். ஓட்டு சரிபாதியாக நின்றது.

மூலையில் அரை கிளாஸ் பீரோடு உட்கார்ந்திருந்த ஐவி பென்ஃபோல்ட் கையைத் தூக்கினார்.

"க்ரோவையே கொளுத்துங்க. நானே தைச்சுத் தரேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஐவி எழுபதைத் தாண்டியவர். ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தவர். அந்தக் கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறார். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

"தைக்கறவங்கதான் கொளுத்தணும். தெரியும்ல?" என்றார் டெரெக்.

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

அவருக்கா இவ்வளவு ஆத்திரம்? எனக்கு மண்டை குடைந்தது. சும்மா இருக்க முடியாமல் மறுநாளே மெர்வினையும் கூட்டிக்கொண்டு பொம்மை செய்யும் ஷெட்டுக்குப் போனேன்.

வைக்கோல் திணித்த பொம்மைக்கு ஐவி கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். கனமான கம்பளிக் கோட்டு. ஒரு கிழிசல் இல்லை.

"அடக் கடவுளே, இதையா எரிக்கப் போறீங்க?"

"அளவு சரியா இருக்கு." பொம்மையின் இடது தோளைக் கொஞ்சம் தட்டி இறக்கினார். "இவருக்கு இந்தத் தோள் கொஞ்சம் இறக்கம்."

டிவியில் அதைக்கூடவா பார்த்துவைத்திருக்கிறார்! வெறுப்பு வந்துவிட்டால் கண்ணுக்கு எதுவும் தப்பாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தாளு உங்களை அப்படி என்ன பண்ணிட்டார், ஐவி?" மெர்வின் கேட்டே விட்டார். "இவ்வளவு வன்மம் ஆகாது."

"பக்கத்து வீட்டு எட்னா ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் பகல்லயும் படுக்கையிலயே கிடக்கா. தப்புப் பண்ணவன் தப்புன்னு ஒத்துக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

பிறகு பற்றவைக்காத தீப்பந்தத்தை எடுத்துக்கொண்டு பொம்மைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தன் போனை என்னிடம் நீட்டினார்.

"ஒரு படம் எடு. பந்தம் நல்லாத் தெரியணும்."

"கொஞ்சம் சிரிங்களேன்."

சிரிக்கவில்லை. இன்னொரு கையால் பொம்மையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டார். ஷெட்டில் குளிர் அதிகம்தான்.

ஐந்தாம் தேதி சாயங்காலம் தெருவெல்லாம் கூட்டம். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். பொம்மையை வண்டியில் ஏற்றப்போகும் நேரத்தில் மெர்வின் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"க்ரோவ் ராஜினாமா! டிவியில இப்பதான் பேசினார். உதவியை நிறுத்தினது தப்பு, மன்னிச்சுக்கோங்கன்னு கையெடுத்துக் கும்பிடாத குறை!"

"போச்சுடா!" டெரெக் தலையில் கைவைத்துக்கொண்டார். "மேளம் வந்தாச்சு, ஜனம் வந்தாச்சு, இப்ப நான் எந்த மந்திரியைத் தேடுவேன்?"

"சொந்தக் கட்சி சொல்லியே அசையாத மனுஷன்," என்றார் மெர்வின். "யார் சொல்லி இறங்கினாரோ!"

ஐவி ஸ்டூலில் ஏறி, பொம்மையின் கோட்டுப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

"கோட்டு இருக்கட்டும், ஐவி. தலையை மட்டும் எடுத்துட்டு ஊர்வலத்தை நடத்திடறோம்," என்றார் டெரெக்.

"எனக்குக் கோட்டு வேணும்." என் பக்கம் திரும்பினார். "நீ எடுத்தியே ஒரு படம், அதை அனுப்பினேன். 'பதவியில இருக்கறவனைத்தான் இங்க கொளுத்துவாங்க. பந்தம் என் கையிலதான். நீயே முடிவு பண்ணிக்கோ'ன்னு எழுதினேன்."

"யாருக்கு?"

ஐவி கோட்டை உதறி, ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டினார். முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"ராத்திரி சாப்பிட வரான். இனிமே அரசாங்கக் கார் கிடையாது, ஸ்டேஷன்லேருந்து நடந்துதான் வரணும். என் பிள்ளைக்குச் சின்ன வயசுலேருந்தே இந்தக் குளிர் ஆகாது."